அம்மாவின் கட்டிக்கு மூக்கு வழியா, மண்டையோட்டைத் திறந்தா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 56. ஏறத்தாழ எட்டு மாதமாக இடது கண்ணில் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இரண்டு முறை கண்ணாடி மாற்றினோம். கண்புரையின் ஆரம்பம் என்றும் சொன்னார்கள். கடைசியில் ஒரு கண் மருத்துவர் சந்தேகப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று முன்னால் 2.3 செ.மீ. அளவில் ‘டியூபர்குலம் செல்லே மெனிஞ்சியோமா’ (மூளையுறையிலிருந்து வளரும் ஒரு கட்டி) இருப்பதாக அறிக்கை வந்தது. கட்டி நடுக்கோட்டில் இருக்கிறது, இடது பார்வை நரம்பின் கால்வாய்க்குள் உட்பக்கமாக நுழைந்திருக்கிறது, மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் இடது கரோடிட் தமனியைத் தொடுகிறது, ஆனால் சுற்றி வளைக்கவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் மூக்கு வழியாக எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர் நெற்றிப் பக்கம் மண்டையோட்டைத் திறப்பதுதான் சரி என்கிறார். மூக்கு வழி இன்னும் சோதனையில் இருக்கும் முறையா? கத்தியே வேண்டாம், காமா நைஃப் என்ற கதிர்வீச்சு போதும் என்கிறார் ஓர் உறவினர். என் சித்தப்பாவுக்கு முன்பு காது நரம்புக் கட்டியைக் காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தபோது வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் பயம். அம்மாவிடம் இன்னும் ‘கட்டி’ என்ற சொல்லையே சொல்லவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் காலத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வழியைப் பற்றிப் பிறகு பேசலாம். பார்வை இறங்கிக்கொண்டே வரும்போது இந்தக் கட்டியை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் யோசிக்க முடியாது. அதற்காக இன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும் என்றும் இல்லை. இரண்டாவது, மூன்றாவது கருத்தைக் கேட்க ஓரிரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் முடிவெடுத்துத் தேதி வாங்கிவிடுங்கள். நடுவில் சில நாட்களிலேயே பார்வை சடாரென்று இறங்கினாலோ, கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ அந்தத் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

இந்த வாரமே இரண்டு கண் பரிசோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒன்று, பார்வைப் புலப் பரிசோதனை. வலது கண் நன்றாகத்தான் இருக்கிறது என்று அம்மா சொன்னாலும் இரண்டு கண்களுக்கும் செய்ய வேண்டும். வெளி ஓரப் பார்வை போவது பலருக்குத் தாமாகத் தெரிவதில்லை. நிலைப்படியில் தோள் இடிக்கும்போதுதான் சந்தேகம் வரும். இன்னொன்று ஓ.சி.டி. விழித்திரையில் உள்ள நரம்பிழை அடுக்கு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதை அது அளந்து காட்டும். அடுக்கு ஓரளவு தடிமனாகவே இருந்தால், நரம்பு நசுங்கியிருக்கிறதே தவிர அழிந்துவிடவில்லை. அழுத்தம் நீங்கினால் பார்வை திரும்ப நல்ல வாய்ப்பு உண்டு. மெலிந்து போயிருந்தால், மிச்சமிருக்கும் பார்வையையும் வலது கண்ணையும் காப்பதுதான் அறுவை சிகிச்சையின் முதல் நோக்கமாக இருக்கும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது, அறுவை சிகிச்சை செய்பவருக்கும் நல்லது.

கண்ணாடி மாற்றிக் கழிந்த மாதங்களை நினைத்து நொந்துகொள்ளாதீர்கள். இது ஏமாற்றும் கட்டி. வலி இல்லை, கண் சிவப்பதில்லை, கண்ணின் முன்பகுதியைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அமெரிக்க நரம்பியல் அறுவை சிகிச்சை முன்னோடி ஹார்வி குஷிங்கும் அவருடன் பணியாற்றிய லூயிஸ் ஐசன்ஹார்ட் அம்மையாரும் 1929-இல் இந்தக் கட்டியைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நடுவயதுக்காரர், மெல்ல வெளுத்துப்போகும் பார்வை நரம்பு, குறையும் பக்கப் பார்வை, ஆனால் எக்ஸ்ரேயில் இயல்பாகவே தெரியும் பிட்யூட்டரிக் குழி: இதுதான் அவர்கள் தந்த சித்திரம். கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு கழிந்தும் இன்றும் பலர் கண்ணாடிக் கடை, கண்புரை என்று சுற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

இனி வழி. மூளை உட்கார்ந்திருக்கும் எலும்புத் தரையைத்தான் மண்டையோட்டின் அடித்தளம் என்கிறோம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனிகள், மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் எல்லாம் இந்தத் தரையில் உள்ள துளைகள் வழியாகவே போய்வருகின்றன. அதனால்தான் இங்கே வரும் கட்டி சிறியதாக இருக்கும்போதே தொல்லை தருகிறது. மூளையின் மேற்பரப்பில் ஓர் எலுமிச்சை அளவு கட்டி எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்துவிடலாம். பார்வை நரம்புக்கு அடியில் 2 செ.மீ. கட்டி இருந்தால் கண் போகிறது. இந்தத் தரையின் முன்பாதியும் நடுப்பகுதியும் மூக்கின் கூரையாகவும் இருக்கின்றன. மாடித் தரையை மாடியில் நின்றும் கொத்தலாம், கீழ்த்தளத்தில் நின்று கூரையாகவும் கொத்தலாம். உங்களிடம் பேசிய இரண்டு டாக்டர்களும் இந்த இரண்டைத்தான் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவர் தவறாக இருக்க வேண்டும் என்பதில்லை.

எங்கள் துறையில் பயிற்சிக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கட்டிக்கும் நமக்கும் நடுவே என்ன நிற்கிறது? வெட்டு சிறியதா பெரியதா, தழும்பு தெரியுமா தெரியாதா, முறை புதியதா பழையதா என்பவை எல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள். வேலை செய்யும் நரம்பு ஒன்றைத் தாண்டி அதற்கு அப்பால் உள்ள கட்டியை எடுக்கப் போனால், அந்த நரம்பைத் தொடாமல் திரும்ப முடியாது. ஏற்கெனவே நசுங்கியிருக்கும் நரம்புக்குச் சிறு தொடுதலே போதும். எந்தத் திசையிலிருந்து வந்தால் கட்டி முதலிலும் நரம்பு கடைசியிலும் எதிர்ப்படுமோ, அதுதான் அந்தக் கட்டிக்கான திசை.

உங்கள் அம்மாவின் கட்டி பார்வை நரம்புகளுக்கு அடியில் முளைத்தது. நரம்புகளையும் அவை சந்திக்கும் இடத்தையும் மேலும் பின்னுமாகத் தள்ளிக்கொண்டு வளர்கிறது.

மேலிருந்து வருவதை முதலில் பார்ப்போம். புருவத்துக்கு மேலேயோ நெற்றிப்பொட்டுப் பக்கமோ எலும்பில் ஒரு பலகத்தைத் திறக்கிறோம். மூளையைச் சூழ்ந்துள்ள நீரை மெல்ல வடித்தால் மூளை தளர்ந்து இடம் கொடுக்கும். நெற்றி மடலின் அடிப்பக்கமாகப் போனால் எதிரே முதலில் தெரிவது அந்தப் பக்கத்துப் பார்வை நரம்பு. கட்டி அதற்கு அடியிலும் அப்பாலும் இருக்கும். இரண்டு பார்வை நரம்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, நரம்புக்கும் கரோடிட் தமனிக்கும் நடுவே உள்ள இடைவெளி: இந்த இடுக்குகள் வழியாகத்தான் கட்டியைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டும். எந்தப் பக்கமாகத் திறக்கிறோமோ அந்தப் பக்கத்து நரம்பின் அடிப்புறம் மறைந்தே இருக்கும். கட்டி பெரும்பாலும் கால்வாய்க்குள் நுழைவது அந்த அடிப்புறமாகவும் உட்பக்கமாகவும்தான். இதனால் சிலர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கத்திலிருந்து திறப்பார்கள். வலப்பக்கம் திறந்தால் இடது நரம்பின் அடிப்புறம் கண்ணுக்கு நேராகத் தெரியும். இந்த வழியின் பலமும் பெரியது. தமனியும் அதன் கிளைகளும் கண்முன்னே இருக்கும். கட்டி பக்கவாட்டில் பரவியிருந்தாலும் தொடர்ந்து போகலாம். மூக்குக்கும் மூளைக்கும் நடுவே புதிதாக ஒரு வாசல் உண்டாவதில்லை.

கீழிருந்து வருவது வேறு காட்சி. காது மூக்கு தொண்டை நிபுணரும் நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணரும் ஒரே நேரத்தில் நின்று, இரண்டு மூக்குத் துவாரங்கள் வழியாகவும் வேலை செய்கிறார்கள். ஒருவர் 4 மி.மீ. தடிமனுள்ள எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் குழாயை) பிடித்துக் காட்ட, மற்றவர் இரு கைகளாலும் இயங்குகிறார். மூக்கின் பின்னால் எலும்புக்குள் உள்ள காற்றறையான ஸ்பீனாய்டு குழியின் முன்சுவரைத் திறந்ததும் எதிரே பிட்யூட்டரியின் மேடு தெரியும்; இருபுறமும் கரோடிட் தமனிகளின் புடைப்பு; அவற்றுக்குச் சற்று மேலே பார்வை நரம்புக் கால்வாய்களின் புடைப்பு. இந்த எலும்பை வைர முனை டிரில்லால் தேய்க்கும்போது நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டிரில்லின் சூடு நரம்புக்கு ஆகாது. எலும்பு மெலிந்து அடியில் இருப்பது தெரியத் தொடங்கியதும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, மிச்சத்தைச் சிறு கருவியால் உரித்தெடுக்கிறோம். மூளையுறையைக் கீறுவதற்கு முன் இரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்க உதவும் டாப்ளர் கருவியின் நுனியை வைத்துக் கேட்போம். தமனி ஓடும் இடத்தில் சீறல் ஒலி வரும். ஒலி வராத இடத்தில்தான் கத்தி இறங்கும்.

மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலான இரத்தம் அது ஒட்டியிருக்கும் மூளையுறையிலிருந்து வருகிறது. கீழிருந்து வருபவர் முதலில் சுடுவது அந்த உறையைத்தான். அதனால் கட்டியை எடுக்கத் தொடங்கும் முன்பே அதற்கு இரத்தம் குறைந்துவிடுகிறது. பிறகு உட்புறத்தைக் குடைந்து வெறுமையாக்கி, மிஞ்சிய தோலை மட்டும் நரம்பிலிருந்து விலக்குகிறோம். இந்தக் கடைசிப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமானது. கரோடிட் தமனியிலிருந்து புறப்பட்டு, பார்வை நரம்புகளின் அடிப்புறத்துக்கும் சந்திப்புக்கும் இரத்தம் கொடுக்கும் மயிரிழை போன்ற தமனிகள் கட்டியின் மேல் ஒட்டிக்கொண்டு ஓடும். நரம்பைத் தொடாமலே இருந்தாலும், இந்த இழைகளில் ஒன்றைச் சுட்டுவிட்டால் பார்வை போய்விடும். கீழிருந்து பார்க்கும்போது இவை கண்முன்னே தெரிகின்றன; மேலிருந்து பார்க்கும்போது நரம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

உங்கள் அறிக்கையில் உள்ளபடி கட்டி நடுக்கோட்டில், 3 செ.மீ.க்குள், தமனியைச் சுற்றாமல், கால்வாயின் உட்பக்கமாக மட்டும் நுழைந்திருந்தால் என் மனம் மூக்கு வழியின் பக்கம்தான் சாய்கிறது. கால்வாயின் உட்பக்க, அடிப்பக்க எலும்பை மூக்கு வழியாகத் திறப்பதுபோல் நேராக வேறு எங்கிருந்தும் திறக்க முடியாது. மூளையைத் தொட வேண்டிய தேவையும் மிகக் குறைவு. ஆனால் நான் படத்தைப் பார்க்கவில்லை. கட்டி பார்வை நரம்பின் வெளிப்பக்கத்துக்கு வழிந்திருந்தாலோ, கரோடிட் தமனியையோ அதன் முன்கிளைகளையோ சுற்றிப் பிடித்திருந்தாலோ, என் பதில் மாறிவிடும். அப்போது மண்டையோட்டைத் திறப்பதே பாதுகாப்பு. நரம்பைத் தாண்டிக் கை நீட்டக் கூடாது என்ற அதே விதி அங்கே மூக்கு வழிக்கு எதிராக நிற்கிறது. படத்தின் முன்வெட்டுத் தோற்றத்தில் இதைக் காட்டச் சொல்லுங்கள்: ‘நரம்பு எங்கே, தமனி எங்கே, கட்டியின் ஓரம் எங்கே?’ எந்த நிபுணரும் ஐந்து நிமிடத்தில் விரல் வைத்துக் காட்டிவிட முடியும். எலும்பைப் பார்க்க ஒரு சி.டி.யும் வேண்டும். ஸ்பீனாய்டு குழி எவ்வளவு விரிந்திருக்கிறது, அதன் தடுப்புச் சுவர் தமனியின் மேல் போய் முடிகிறதா, கட்டியின் அடியில் எலும்பு தடித்திருக்கிறதா என்பது எம்.ஆர்.ஐ.யில் சரியாகத் தெரியாது.

மூக்கு வழி சோதனையில் இருக்கும் முறை அல்ல. 1907-இல் இன்ஸ்புருக்கில் ஹெர்மன் ஷ்லோஃபர் மூக்கைத் திறந்து பிட்யூட்டரி கட்டியை எடுத்தார். குஷிங்கும் பல ஆண்டுகள் மேலுதட்டுக்கு அடியிலிருந்து அந்த வழியாகச் செய்துவிட்டு, 1920-களில் அதைக் கைவிட்டு மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கு மாறினார். அவர் கைவிட்டதால் உலகமே ஏறக்குறைய கைவிட்டது. எடின்பரோவில் நார்மன் டாட் போன்ற ஒரு சிலர் மட்டும் விடாமல் வைத்திருந்தார்கள். டாட்டிடம் பார்த்துக் கற்றவர் பாரிஸின் ஜெரார்ட் கியோ. கியோவிடம் கற்றவர் மாண்ட்ரியலின் ஜூல் ஹார்டி. ஹார்டி 1960-களில் அறுவை நுண்ணோக்கியைக் கொண்டுவந்த பிறகு பிட்யூட்டரி கட்டிக்கு இதுவே வழக்கமான வழியாகிவிட்டது. எண்டோஸ்கோப் 1990-களில் வந்தது. பிட்யூட்டரிக்கு முன்னால் உள்ள எலும்பையும் திறந்து உங்கள் அம்மாவுக்கு வந்திருப்பது போன்ற மெனிஞ்சியோமாவை எடுப்பது அதற்குப் பிறகு பரவியது. அதனால் ஒரு வித்தியாசத்தை மனத்தில் வையுங்கள். ‘மூக்கு வழியாகப் பிட்யூட்டரி கட்டி எடுப்பேன்’ என்பது வேறு. ‘மூக்கு வழியாக மெனிஞ்சியோமா எடுப்பேன்’ என்பது வேறு. இரண்டாவதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். காரணம், கட்டியை எடுப்பதைவிட அதற்குப் பிறகு அடைப்பதுதான் கடினம்.

மூளையைச் சுற்றி நீர் இருக்கிறது. மூக்குக்கும் அந்த நீருக்கும் நடுவே நாம் ஒரு திறப்பை உண்டாக்கிவிட்டோம். அது சரியாக அடைபடாவிட்டால் நீர் மூக்கில் சொட்டும். கிருமி மேலே ஏறி மூளைக்காய்ச்சல் வரும். தொடக்க காலத்தில் இத்தகைய பெரிய திறப்புகளில் ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ கசிவு இருந்தது. அர்ஜென்டினாவின் ஹதாத், பஸ்ஸகஸ்தெகி இருவரும் உருவாக்கிய ஒரு முறை 2006-இல் வெளியாகி இந்த நிலையை மாற்றியது. மூக்கின் நடுச்சுவரை மூடியிருக்கும் சவ்வை, அதற்கு இரத்தம் தரும் தமனியோடு சேர்த்தே உரித்துத் திருப்பி, திறப்பின் மேல் போர்த்துவது அந்த முறை. இரத்த ஓட்டத்தோடு இருப்பதால் ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு அடியில் தொடையிலிருந்து எடுத்த தசையுறையையும் கொழுப்பையும் அடுக்குகிறோம். பழகிய குழுக்களில் கசிவு இப்போது இருபதில் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. சிலருக்கு முதுகில் மெல்லிய குழாய் வைத்துச் சில நாள் நீரை வடிய விடுவதும் உண்டு.

மூக்கு வழிக்குக் கொடுக்கும் விலை மூக்கில்தான். சில வாரம், சிலருக்குச் சில மாதம், மூக்கில் பொருக்குக் கட்டும். உப்புநீரால் தினமும் கழுவ வேண்டும். வாசனை உணர்வு குறையலாம். பெரும்பாலும் திரும்புகிறது, எல்லோருக்கும் முழுமையாகத் திரும்புவதில்லை. மண்டையோட்டைத் திறப்பதற்கும் விலை உண்டு. வலிப்பு வரும் வாய்ப்பு, பொட்டுப் பக்கத் தசை மெலிந்து சிறு பள்ளம் விழுவது, நெற்றி மடலைத் தூக்கும்போது வாசனை நரம்பு அறுபடுவது. வாசனை போகும் என்று பயந்து மூக்கு வழியை மறுப்பவர்களிடம் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்வேன். ஒரு பக்கமாகத் திறந்தால் மறுபக்கத்து நரம்பு தப்பும் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

சித்தப்பாவின் நிலை உங்கள் அம்மாவுக்கு வராது. காது நரம்புக் கட்டி வேறு தளத்தில், பின்புறத்தில் வருவது. அங்கே முக நரம்பு கட்டியின் மேல், பெரும்பாலும் முன்பக்கமாக, நாடாவாகப் பரந்து ஒட்டியிருக்கும். கட்டி பெரிதாக ஆக அதைப் பிரித்தெடுப்பது கடினமாகிறது. காதுக்குப் பின்னால் திறக்கலாம். உள்காது வழியாகப் போகலாம், ஆனால் அந்தக் காதின் கேட்புத் திறனை விட்டுவிட வேண்டும். சிறிய கட்டி என்றால் காதுக்கு மேலே திறந்து கேட்புத் திறனைக் காக்க முயலலாம். எதில் போனாலும் முக நரம்பு அதே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் அம்மாவின் கட்டிக்கு அருகில் முக நரம்பே இல்லை. நெற்றிப் பக்கம் திறந்தால் புருவத்தை உயர்த்தும் அதன் ஒரு சிறு கிளை மட்டும் பலவீனமாகலாம். அது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும்.

காமா நைஃப் பற்றி உறவினர் சொன்னது அக்கறையில் சொன்னது. அது நல்ல கருவி. லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த எண்ணத்திலிருந்து பிறந்து, 1968 முதல் பயன்பாட்டில் இருப்பது. ஆனால் இந்தக் கட்டிக்கு இப்போது பொருந்தாது. மெனிஞ்சியோமாவை அடக்க ஒரே அமர்வில் ஏறத்தாழ 12 முதல் 15 கிரே (கதிரின் அளவைச் சொல்லும் அலகு) கதிர் தேவை. பார்வை நரம்பு ஒரே அமர்வில் தாங்குவது 8 முதல் 10 கிரே வரைதான். கட்டி நரம்பை ஒட்டியிருக்கும்போது ஒன்றுக்கு முழு அளவும் மற்றொன்றுக்குக் குறைந்த அளவும் கொடுக்க முடியாது. அதைவிட முக்கியம், கதிர்வீச்சு கட்டியை உடனே சுருக்குவதில்லை. நசுங்கிக்கொண்டிருக்கும் நரம்புக்கு இடம் வேண்டும். அதை அறுவை சிகிச்சைதான் தரும். பிறகு எங்காவது மிச்சம் இருந்து வளர்ந்தால், நரம்பிலிருந்து சில மில்லிமீட்டர் விலகியிருந்தால் காமா நைஃப், ஒட்டியிருந்தால் ஐந்தாறு வாரத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் கதிர்வீச்சு என்று பார்க்கலாம்.

‘முழுவதும் எடுத்துவிடுவீர்களா?’ என்று நீங்கள் நிச்சயம் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். 1957-இல் டொனால்ட் சிம்ப்சன் மெனிஞ்சியோமாவை எவ்வளவு எடுத்தார்கள் என்பதை ஐந்து படிகளாகப் பிரித்து, அது திரும்ப வளர்வதை ஆராய்ந்தார். கட்டியோடு உறையையும் நோய்ப்பட்ட எலும்பையும் எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்கும், கட்டியை எடுத்து உறையைச் சுட்டு மட்டும் விட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கும் கட்டி திரும்ப வந்தது. அறுவை நுண்ணோக்கியும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலத்துக் கணக்கு அது. முழுவதும் எடுக்க வேண்டும் என்றுதான் நானும் உள்ளே போவேன். ஆனால் தமனியின் சுவரிலோ, நரம்புக்கு இரத்தம் தரும் இழையிலோ ஒரு மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் அதை விட்டுவிடுவேன். மெனிஞ்சியோமாக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு முதல் நிலைக் கட்டிகள், மெதுவாக வளர்பவை. மிச்சத்தை ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ.யில் பார்த்துக்கொள்ளலாம். பறிபோன பார்வையை எந்த ஸ்கேனும் திருப்பித் தராது. ‘எப்படியும் நூறு சதவீதம் எடுத்துவிடுவேன்’ என்று அறுவைக்கு முன்பே உறுதி சொல்பவரைவிட, ‘எந்த இடத்தில் நிறுத்திக்கொள்வேன்’ என்று சொல்லத் தெரிந்தவரிடம் நான் என் தாயை ஒப்படைப்பேன்.

ஆகவே இரண்டு டாக்டர்களிடமும் திரும்பப் போங்கள். கருத்து வேறுபாட்டை மறைக்க வேண்டாம். ‘இன்னொருவர் இந்த வழியைச் சொன்னார், அதை நீங்கள் ஏன் தேர்ந்தெடுக்கவில்லை?’ என்று நேராகவே கேளுங்கள். நல்ல நிபுணருக்கு இதில் கோபம் வராது. இதே வகைக் கட்டியை இதே வழியில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை தேறியது, எத்தனை பேருக்கு மோசமானது, எத்தனை பேருக்கு நீர் கசிந்தது என்று கேளுங்கள். மூக்கு வழியைச் சொல்பவரிடம் காது மூக்கு தொண்டை நிபுணர் யார், இருவரும் சேர்ந்து வழக்கமாகச் செய்கிறார்களா என்றும், கசிந்தால் எப்படிச் சரிசெய்வார்கள் என்றும் கேளுங்கள். இன்னும் ஒன்று: அவருக்கு இரண்டு வழியும் தெரியுமா? ஒரே வழி தெரிந்தவருக்கு எல்லாக் கட்டியும் அந்த வழியில் வருவதாகவே தோன்றும். பதில்களைக் கேட்ட பிறகு, மண்டையோட்டைத் திறப்பதில் நீண்ட அனுபவம் உள்ளவர் ஒரு பக்கமும், மூக்கு வழியில் இப்போதுதான் தொடங்குபவர் மறுபக்கமும் இருப்பதாகத் தெரிந்தால், நான் மேலே சாய்ந்த பக்கத்தை மறந்துவிட்டு அனுபவசாலியிடம் போங்கள்.

அறுவைக்கு முன் இரத்தத்தில் காலை நேரக் கார்ட்டிசால், தைராய்டு, புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் சோடியத்தையும் பார்த்திருக்கிறார்களா என்று உறுதி செய்யுங்கள். புரோலாக்டின் மிக அதிகமாக இருந்தால் அது மெனிஞ்சியோமாவே அல்லாமல், மாத்திரையிலேயே சுருங்கும் பிட்யூட்டரி கட்டியாகவும் இருக்கக்கூடும்; எம்.ஆர்.ஐ. தெளிவாக இருந்தாலும் இந்தச் சோதனையைத் தவறவிடக் கூடாது. கார்ட்டிசால் குறைவாக இருந்தால் மயக்க மருந்துக்கு முன்பே மருந்து கொடுத்தாக வேண்டும். அம்மா ஏதாவது ஹார்மோன் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தால் அதன் பெயரோடு சொல்லுங்கள். புரோஜெஸ்டின் வகையைச் சேர்ந்த சில மருந்துகளை நீண்ட நாள் எடுப்பதற்கும் மெனிஞ்சியோமாவுக்கும் தொடர்பு இருப்பது இப்போது உறுதியாகியிருக்கிறது. ஆஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளையும் சொல்லுங்கள். அவற்றை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும், நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மூக்கு வழியாகச் செய்தால் வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியவை சில உண்டு. மருத்துவர் சொல்லும் வரை மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். முக்கிக் கழிக்கும்படி மலச்சிக்கல் வரவிடக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுச் சொட்டாக வந்தாலோ, தொண்டைக்குள் உப்பாக இறங்குவதுபோல் இருந்தாலோ சளி என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். அளவுக்கு மீறிய தாகமும் சிறுநீரும் முதல் சில நாட்களில் பிட்யூட்டரியின் பின்பகுதி கலங்கியிருப்பதைக் காட்டும். அதற்கு நேர்மாறாக, ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து சோடியம் இறங்கலாம். தலைவலி, குமட்டல், காரணமில்லாத தூக்கக் கலக்கம் அதன் அறிகுறிகள். ஏழாம் நாள் வாக்கில் ஒரு சோடியம் சோதனைக்கு இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் மறைப்பது அன்பினால்தான் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் கண் போய்க்கொண்டிருப்பது அவருக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். காரணம் தெரியாமல் இருப்பது அவருக்கு இன்னும் பெரிய பயமாக இருக்கலாம். பெரும்பாலும் இது புற்றுநோய் அல்ல, மூளைக்குள் இருப்பதும் அல்ல, மூளையின் உறையிலிருந்து வளர்ந்து கண் நரம்பை அழுத்துகிறது என்று உண்மையையே சொல்லலாம். திசுப் பரிசோதனை முடிவு வந்த பிறகு அதையும் உறுதி செய்துகொள்ளலாம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து அவருடையது. வாசனை குறைவதா, நெற்றியில் தழும்பா, இரண்டில் எதை ஏற்பது என்பதும் அவருடைய முடிவு. அடுத்த முறை டாக்டர்களைப் பார்க்கப் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். படத்தைத் திரையில் அவருக்கும் காட்டச் சொல்லி, அவர் கேட்க நினைப்பதை அவரையே முதலில் கேட்க விடுங்கள்.